ஒரு தடவை மாற்றினால் இரண்டு அறிவிப்பு: ஃபார்ம் எடிட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் மில், பனியன் கம்பெனி, மண்டி என்று தொழில் நடத்துகிறவர்களுக்கு பில்லிங், ஆர்டர் சாஃப்ட்வேர் எழுதித் தருவது எங்கள் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகளும், அந்த சாஃப்ட்வேரை வைத்து வேலை பார்க்கும் ஆபீஸ்காரர்களும் ஒரே சந்தேகத்தை வேறு வேறு வார்த்தையில் கேட்கிறார்கள்: ஃபார்ம் எடிட்டரில், அதாவது ஆர்டரைத் திறந்து திருத்தும் திரையில், ஒரு கட்டத்தை ஒரு தடவை மாற்றினால் ஏன் இரண்டு அறிவிப்பு வருகிறது? அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் எல்லோருக்கும். அப்புறம் வருவது கோடு, அதாவது புரோகிராம், எழுதுகிறவர்களுக்கு.

மொதல்ல, இந்த "மாற்ற அறிவிப்பு"ன்னா என்னங்க?

ஒரு டையிங் ஆர்டரைத் திரையில் திறக்கிறீர்கள். பார்ட்டி பெயர், கலர், ஜிஎஸ்எம் (துணியின் கனம்), கிலோ, ரேட் என்று கட்டங்கள் இருக்கும். கிலோவை 120-லிருந்து 125 ஆக மாற்றியதும் தொகை தானாக மாறுகிறது, சேவ் பட்டன் உயிர் பெறுகிறது, மேலே பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி வருகிறது. கிலோ கட்டம் "நான் மாறிவிட்டேன்" என்று மற்றவற்றுக்குச் சொன்னதால்தான் இத்தனையும் நடக்கிறது. அப்படிச் சொல்வதுதான் மாற்ற அறிவிப்பு. டெவலப்பர்கள் ஈவென்ட் என்பார்கள். அதைக் காதில் வாங்குகிற கோடு லிசனர் அல்லது ஹேண்ட்லர்.

ரெண்டு தடவை வந்தா வந்துட்டுப் போகட்டுமே, என்ன கெட்டுப்போச்சுங்க?

அறிவிப்பைக் கேட்டு என்ன வேலை நடக்கிறது என்பதைப் பொறுத்தது. கிலோவை ரேட்டால் பெருக்கித் தொகை போடுவது மட்டும்தான் வேலை என்றால், இரண்டு தடவை பெருக்கினாலும் அதே விடைதான். கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் வெட்டி வேலை, அவ்வளவே.

அறிவிப்பைக் கேட்டு மாற்றக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுகிறோம், ஸ்டாக்கில் கழிக்கிறோம், சாயப்பட்டறைக்கு மெசேஜ் அனுப்புகிறோம் என்றால் கதை வேறு. "கூடுதலாக 5 கிலோ" என்ற மெசேஜ் இரண்டு தடவை போனால் அங்கே இருப்பவர் 10 கிலோ என்று எடுத்துக்கொள்ளலாம். சாயம் ஏறிய துணியைத் திரும்பவும் வெள்ளையாக்கித் தரச் சொல்ல முடியாது. இந்த மாதிரி வேலைகளுக்குத்தான் இந்தப் பக்கம் முழுவதும்.

நான் ஒரு தடவைதான் தட்டறேன். அது எப்படிங்ண்ணா ரெண்டா வருது?

நான் பார்த்தவரை நான்கு வழிகள். ஒன்று, ஒரே ஹேண்ட்லர் இரண்டு தடவை கட்டப்பட்டிருக்கும். இரண்டு, ஒரே மாற்றத்துக்கு இரண்டு வகை ஈவென்ட் வரும், நாம் இரண்டையும் கேட்டுக்கொண்டிருப்போம். மூன்று, ஆள் மாற்றியது ஒரு தடவை, நம் கோடே அதைத் திருத்தி எழுதியது இன்னொரு தடவை. நான்கு, மதிப்பு உண்மையில் மாறவே இல்லை, யாரும் ஒப்பிட்டுப் பார்க்காமல் "மாறிவிட்டது" என்று சொல்லிவிட்டார்கள்.

இரண்டாவது வகைதான் அதிகம் கண்ணில் படுகிறது. ப்ரவுசரில் ஓர் எழுத்துக் கட்டத்தில் தட்டும்போது ஒவ்வொரு எழுத்துக்கும் "இன்புட்" ஈவென்ட் வரும். தட்டி முடித்துக் கட்டத்தைவிட்டு வெளியே வந்ததும் "சேஞ்ச்" ஈவென்ட் வரும். செக்பாக்ஸுக்கும் செலக்ட் பெட்டிக்கும் ஒரே சொடுக்கில் இரண்டும் சேர்ந்தே வரும். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டிலும் ஒரே ஹேண்ட்லரை மாட்டினால், கேட்டது கிடைக்கத்தான் செய்யும். இதில் இன்னொரு குழப்பம்: வெப் திரை எழுத உதவும் ரியாக்டில் "ஆன்சேஞ்ச்" என்ற பெயரில் இருப்பது நடப்பில் இன்புட் ஈவென்ட் மாதிரி ஒவ்வொரு எழுத்துக்கும் ஓடும்.

இந்த நாலுல எதுன்னு எப்படிக் கண்டுபுடிக்கிறதுங்க?

யூகிக்காதீர்கள். ஹேண்ட்லரின் முதல் வரியில் நான்கு விஷயங்களை லாக்கில் (கோடு ஓடும்போது எழுதி வைக்கும் பதிவு) எழுதுங்கள்: எந்தக் கட்டம், பழைய மதிப்பு, புது மதிப்பு, எந்த ஈவென்ட். ப்ரவுசரில் "கன்சோல் டிரேஸ்" போட்டால் யார் யாரை அழைத்தார்கள் என்ற வரிசையும் கிடைக்கும்.

பிறகு ஒரே ஒரு கட்டத்தை ஒரே ஒரு தடவை மாற்றி லாக்கைப் பாருங்கள். "கிலோ, 120, 125, இன்புட்" என்று ஒரு வரியும், "கிலோ, 125, 125, சேஞ்ச்" என்று அடுத்த வரியும் இருந்தால் அது இரண்டாம் வகை. இரண்டு வரியும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருந்து, அழைத்த வரிசையும் ஒன்றாக இருந்தால் முதல் வகை. இரண்டாவது வரியை அழைத்த இடத்தில் நம்முடைய சொந்த ஃபங்ஷன் பெயர் தெரிந்தால் மூன்றாவது. ஈவென்ட் ஒன்றே வந்து, பழையதும் புதியதும் ஒன்றாக இருந்தால் நான்காவது. இந்த லாக் எழுதச் சோம்பல்பட்டு நாள் முழுக்க கோடை வெறித்துப் பார்க்கிறவர்கள்தான் அதிகம்.

ஒரே ஹேண்ட்லரை ரெண்டு தடவை மாட்டினாலும் ப்ரவுசர் ஒண்ணாத்தான் எடுத்துக்கும்னு படிச்சேனே?

பாதி சரி. "ஆட் ஈவென்ட் லிசனர்" வழியாக, அதே ஈவென்டுக்கு அதே ஃபங்ஷனை அதே அமைப்போடு மறுபடி கொடுத்தால் ப்ரவுசர் கண்டுகொள்ளாது. ஆனால் அங்கேயே எழுதுகிற பெயரில்லாத ஃபங்ஷன், ஆரோ ஃபங்ஷன், "பைண்டு" போட்ட ஃபங்ஷன் எல்லாம் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிறக்கிறவை. பார்க்க ஒரே கோடுதான், ப்ரவுசருக்கு அவை வேறு வேறு ஆள். அதனால் இரண்டும் ஓடும்.

சி ஷார்ப் மொழியில் அந்தச் சலுகைகூடக் கிடையாது. ஒரே மெத்தடை இரண்டு தடவை கூட்டினால் இரண்டு தடவை ஓடும். விண்டோஸ் ஃபார்ம்ஸில் டிசைனர் திரையில் டபுள் கிளிக் செய்தபோது ஒரு தடவை மாட்டியிருக்கும், நாம் கன்ஸ்ட்ரக்டரில் (ஃபார்ம் உருவாகும்போது ஓடும் கோடு) கையால் இன்னொரு தடவை மாட்டியிருப்போம். முதலில் ஒரு தடவை கழற்றிவிட்டு மறுபடி மாட்டுவது பலர் கையாளும் வழி, வேலை செய்யும். ஆனால் மாட்டுகிற இடத்தை ஒன்றே ஒன்றாக வைப்பது இன்னும் நல்லது. க்யூட்டி (Qt) என்ற கருவியில் கனெக்ட் செய்யும்போது "யூனிக் கனெக்‌ஷன்" என்று சொல்ல முடியும், லாம்ப்டாவுக்கு மட்டும் அது உதவாது.

ஃபார்மை ஒவ்வொரு தடவை தொறந்து மூடுனா ஒண்ணு கூடிட்டே போகுதுங்க. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஏழெட்டு!

இப்படி எண்ணிக்கை ஏறினால் சந்தேகமே வேண்டாம், மாட்டிய லிசனரை யாரும் கழற்றவில்லை. ஃபார்ம் மூடப்பட்டாலும், அது போய்க் கேட்டுக்கொண்டிருந்த பொது இடம் உயிரோடு இருக்கிறது. அது ப்ரவுசர் ஜன்னலாக இருக்கலாம், எல்லாத் திரைக்கும் பொதுவாக டேட்டா வைக்கும் ஸ்டோராக இருக்கலாம், ரியாக்ட் மாதிரி இன்னொரு கருவியான ஆங்குலரில் ஒரு சர்வீஸாக இருக்கலாம். பழைய ஃபார்ம்கள் எல்லாம் அங்கே உட்கார்ந்து இன்னமும் காது கொடுத்துக்கொண்டிருக்கும். மெமரியும் அடைபடும்.

திறக்கும்போது மாட்டியதை மூடும்போது கழற்றுங்கள். ப்ரவுசரில் ஒரே "அபார்ட் கன்ட்ரோலர்" சிக்னலை எல்லா லிசனருக்கும் கொடுத்து வைத்தால், மூடும்போது ஒரே வரியில் அத்தனையும் கழன்றுவிடும். ஆங்குலரில் சப்ஸ்கிரைப் செய்ததை அன்சப்ஸ்கிரைப் செய்ய வேண்டும், ரியாக்டில் எஃபெக்ட் திருப்பித் தரும் ஃபங்ஷன் அதற்காகவே இருக்கிறது.

மஞ்சள் மண்டி ஃபார்ம்ல விரலி, கிழங்குன்னு ரெண்டு ரேடியோ பட்டன். மாத்துனா ரெண்டு தடவை வருதுங்ளே?

விண்டோஸ் ஃபார்ம்ஸ் என்றால் அது பிழையே அல்ல. விரலியிலிருந்து கிழங்குக்கு மாறும்போது விரலி பட்டன் "நான் அணைந்தேன்" என்கிறது, கிழங்கு பட்டன் "நான் எரிகிறேன்" என்கிறது. இரண்டும் ஒரே பெயருள்ள ஈவென்ட். ஹேண்ட்லரில் "இப்போது தேர்வாகியிருக்கிறாயா" என்று கேட்டு, இல்லை என்றால் திரும்பிப் போய்விட வேண்டும். ஜாவா ஸ்விங்கிலும் காம்போ பெட்டி இதே மாதிரி, விடுபட்டதற்கு ஒன்று, தேர்வானதற்கு ஒன்று என்று அறிவிக்கும். அங்கே லிஸ்டில் சொடுக்கினால் மவுஸை அழுத்தும்போது ஒன்று, விடும்போது ஒன்று வரும். "இன்னும் மாறிக்கொண்டிருக்கிறதா" என்று கேட்டு முதலாவதை விட்டுவிடலாம்.

வெப் பக்கத்தில் காரணம் வேறு. "விரலி" என்ற எழுத்தின் மேலே, அதாவது லேபிளில், சொடுக்கினால் லேபிளுக்கு ஒரு கிளிக். அதைப் பார்த்து ப்ரவுசர் தானே பட்டனுக்கு இன்னொரு கிளிக் அனுப்பும். வெளியே சுற்றியிருக்கும் பெட்டியில் கிளிக்கைக் கேட்டால் இரண்டும் அங்கே வந்து சேரும். கிளிக்கை விட்டுவிட்டு சேஞ்சைக் கேளுங்கள், ஒன்றுதான் வரும்.

யாரும் தொடவே இல்லீங்க. ஃபார்ம் தொறந்ததுமே "மாற்றம் இருக்கு, சேவ் பண்ணவா?"ன்னு கேக்குது.

டேட்டாபேஸிலிருந்து எடுத்துக் கட்டங்களை நிரப்புவதையும் ஃபார்ம் மாற்றமாகக் கணக்கு வைக்கிறது. மேலே சொன்ன மூன்றாவது வகை. ப்ரவுசரில் கோடு வழியாக மதிப்பு வைத்தால் இன்புட், சேஞ்ச் இரண்டுமே வராது, அதனால் வெறும் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பழைய விஷுவல் பேசிக் 6-ல் டெக்ஸ்ட் பெட்டிக்குக் கோடு வழியாக எழுதினாலும் சேஞ்ச் ஓடும், செக்பாக்ஸுக்கு மதிப்பு வைத்தால் கிளிக்கே ஓடும். டாட்நெட் காம்போ பெட்டியில் டேட்டா சோர்ஸைக் கொடுத்த கணமே "தேர்வு மாறியது" என்று வரும், பிறகு காட்டும் பத்தி, மதிப்புப் பத்தி என்று ஒவ்வொன்றாக வைக்கும்போது மறுபடியும் வரலாம். அந்த இரண்டையும் முதலில் வைத்துவிட்டு டேட்டா சோர்ஸைக் கடைசியில் கொடுங்கள்.

பொதுவான மருந்து, நிரப்பும் நேரத்தில் அறிவிப்பை நிறுத்தி வைப்பது. ஆங்குலரில் மதிப்பு வைக்கும்போதே "எமிட் ஈவென்ட்" வேண்டாம் என்று சொல்லலாம். க்யூட்டியில் "சிக்னல் பிளாக்கர்" இருக்கிறது. எழுத்துக் கட்டத்துக்கு "டெக்ஸ்ட் எடிட்டட்" சிக்னலைக் கேட்டால் ஆள் தட்டியது மட்டும்தான் வரும். எதுவும் இல்லாத இடத்தில் "நிரப்பிக்கொண்டிருக்கிறேன்" என்று ஒரு கொடி (ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும் குறி) வைக்கலாம். கொடியை இறக்கும் வரி, எர்ரர் வந்தாலும் கட்டாயம் ஓடும் "ஃபைனலி"க்குள் இருக்க வேண்டும். ஏன் என்பது கடைசிக் கேள்வியில் வரும்.

கிலோவ மாத்துனா தொகை மாறுது, தொகை மாறுனா ரேட் மாறுது, ரேட் மாறுனா மறுபடி தொகை. நிக்கவே மாட்டேங்குது.

இதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 137 கிலோ துணி. பேசி முடித்த தொகை 25,000 ரூபாய், அதைத் தொகைக் கட்டத்தில் தட்டுகிறீர்கள். ஃபார்ம் வகுத்து ரேட் 182.48 என்று இரண்டு தசமத்துக்குச் சுருக்கி எழுதுகிறது. ரேட் மாறிய அறிவிப்பைக் கேட்டு இன்னொரு ஹேண்ட்லர் பெருக்குகிறது: 24,999.76. நீங்கள் தட்டிய 25,000 கண்ணெதிரே மறைந்துபோகிறது. ஒரு மாற்றத்துக்கு மூன்று அறிவிப்பு, அதோடு 24 பைசா நஷ்டம். சுருக்கும் விதம் கட்டத்துக்குக் கட்டம் வேறாக இருந்தால் இது நிற்காமலும் சுற்றும்.

இங்கே அறிவிப்பை அடக்குவதைவிட, யார் சொல்வது செல்லும் என்று முடிவு செய்வதுதான் முக்கியம். கடைசியாக ஆள் தட்டிய கட்டமே எஜமான், மற்றவை கணக்கிட்டுக் காட்டப்படுபவை. கணக்கிட்டுக் காட்டும் மதிப்பு தன்னுடைய கணக்கை மறுபடி கிளப்பக் கூடாது. மூன்று ஹேண்ட்லர் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, "இன்னது மாறியது, மீதியைக் கணக்கிடு" என்று ஒரே ஒரு ஃபங்ஷன் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வைத்தால் தசமத் தகராறும் போகும். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் ஜாவாஸ்கிரிப்டில் சரியாக 0.3 வராது என்பது தெரிந்ததுதானே.

ஜிஎஸ்டி நம்பர் அடிச்சா மாநிலமும் பான் நம்பரும் தானா விழுது. மூணு கட்டம் மாறுது, மூணு அறிவிப்பு வருது. இதுவும் தப்புங்களா?

இது டூப்ளிகேட் கணக்கில் வராது. 15 எழுத்துள்ள ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். மூன்று கட்டமும் உண்மையிலேயே மாறியிருக்கின்றன, திரையில் அந்தந்தக் கட்டம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள மூன்றும் வேண்டும்.

ஆனால் குறிப்பேட்டில் எழுதுகிறவனுக்கும் மெசேஜ் அனுப்புகிறவனுக்கும் இது ஒரே செயல். அவர்களுக்கு மூன்றையும் சேர்த்துக் கட்டி ஒரே பொட்டலமாகக் கொடுக்க வேண்டும். ஆங்குலரில் ஃபார்ம் குரூப்புக்கே மொத்தமாக மதிப்பு வைத்தால் குரூப் ஒரு தடவைதான் அறிவிக்கும், உள்ளே உள்ள கட்டங்கள் தனித்தனியாக அறிவிக்கும். குரூப்பையும் கேட்டு, கட்டத்தையும் கேட்டு, இரண்டிலும் ஒரே வேலையைச் செய்தால் அது நம் தப்பு.

பழைய மதிப்பு, புது மதிப்பு ரெண்டையும் ஒப்பிட்டுத்தான் அனுப்பறேன். அப்பவும் வருதுங்ண்ணா.

எதை எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்று பாருங்கள். டேட்டாபேஸிலிருந்து வந்த 100 எண், கட்டத்திலிருந்து வந்த "100" எழுத்து. "100.00" இன்னொரு எழுத்து. முன்பு ஒன்றுமே இல்லாமல் நல் ஆக இருந்த கட்டம், தொட்டுவிட்டு வந்ததும் வெற்று எழுத்தாகிறது. பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் "எண் அல்ல" என்ற மதிப்பு தனக்குத் தானே சமமாகாது. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வர வேண்டும்.

தேதி இன்னும் மோசம். ஏப்ரல் 1 நள்ளிரவு என்று இங்கே வைத்த தேதி, உலகப் பொது நேரத்தில் மார்ச் 31 மாலை 6.30. ஒரு பக்கம் நம் நேரம், மறுபக்கம் பொது நேரம் என்று ஒப்பிட்டால் எப்போதும் "மாறிவிட்டது" என்றுதான் வரும். அதை அப்படியே சேவ் செய்தால் புது நிதியாண்டின் முதல் பில் போன வருடக் கணக்கில் போய் விழும். ஆடிட்டர் கேட்பார்.

தமிழ்ல பேர் அடிச்சா மட்டும் கன்னாபின்னான்னு வருதுங்க. இங்கிலீஷ்ல சரியா இருக்கு.

இரண்டு காரணம் உண்டு. முதலாவது, உள்ளீட்டு முறை. ஒலிபெயர்ப்பு முறையில் தட்டும்போது ஒரு சொல் உருவாகிக்கொண்டே இருக்கும், நடுநிலைகளுக்கெல்லாம் இன்புட் ஈவென்ட் வரும். அந்த ஈவென்டில் "இஸ் கம்போசிங்" என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அது உண்மை என்றால் காத்திருந்து, "கம்போசிஷன் எண்ட்" வந்த பிறகு ஒரு தடவை அறிவியுங்கள்.

இரண்டாவது, யூனிகோடு. "கொங்கு" என்பதன் முதல் எழுத்தை க, ொ என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம், க-வுக்குப் பின் ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக என்று மூன்றாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு. கோவை, பொள்ளாச்சி, ஈரோடு என்று நம் ஊர்ப் பெயர்களிலேயே இது நிறைய. ஒப்பிடும் முன் "நார்மலைஸ்" ஃபங்ஷனில் என்எஃப்சி என்ற சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். "ஔ" எழுத்தில் கடைசிப் பகுதிக்கு ள போட்டு ஒப்பேற்றியிருந்தால் மட்டும் எந்த நார்மலைஸும் காப்பாற்றாது.

இவ்வளவு எதுக்குங்க? 300 மில்லி செகண்ட் டிபவுன்ஸ் போட்டா முடிஞ்சுதுல்ல?

டிபவுன்ஸ் என்றால் தட்டுவது நின்று கொஞ்ச நேரம் ஆன பிறகு ஒரே ஒரு தடவை ஓட விடுவது. சத்தம் அடங்கும், கோளாறு அப்படியே இருக்கும். லிசனர் கழற்றாமல் கூடிக்கொண்டே போனால், எட்டு லிசனரும் தனித்தனியாக 300 மில்லி செகண்ட் காத்திருந்து எட்டு தடவை ஓடும். எல்லாக் கட்டத்துக்கும் பொதுவாக ஒரே டிபவுன்ஸ் போட்டால் அதைவிட ஆபத்து: கலரை மாற்றி உடனே டேப் தட்டி கிலோவையும் மாற்றுகிற கை வேகமுள்ள ஆளின் முதல் மாற்றம் விழுங்கப்படும். தட்டிய கையோடு ஃபார்மை மூடினால் கடைசி மாற்றமும் போச்சு.

பார்ட்டி பெயரைத் தட்டத் தட்ட சர்வரில் தேடுகிற கட்டத்துக்கு டிபவுன்ஸ் சரியான கருவி. டூப்ளிகேட்டுக்கு அது மருந்தாகாது.

என் மெஷின்ல ரெண்டு வருது, லைவ்ல ஒண்ணுதான் வருது. விட்டுடலாமா?

ரியாக்ட் என்றால் ஸ்ட்ரிக்ட் மோடாக (பிழையை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் சோதனை முறை) இருக்கும். 2022-ல் வந்த 18-ஆம் பதிப்பிலிருந்து டெவலப்மெண்டில் எஃபெக்டை ஒரு தடவை ஓட்டி, கழற்றி, மறுபடி ஓட்டிப் பார்க்கிறது. நீங்கள் கழற்றாமல் விட்டால் அங்கேயே இரண்டாகத் தெரியும். லைவில் முதல் தடவை ஒன்றுதான் தெரியும், ஃபார்மைத் திறந்து மூடியதும் காலை ஒன்று, சாயங்காலம் ஏழெட்டு கதைதான். ஸ்டேட் மாற்றும் ஃபங்ஷனுக்குள்ளேயே மெசேஜ் அனுப்பினாலும் ஸ்ட்ரிக்ட் மோடில் இரண்டு போகும், அனுப்பும் வேலையை வெளியே எடுங்கள். ஸ்ட்ரிக்ட் மோடை அணைப்பது டாக்டரை மாற்றுகிற வேலை.

வியூ (Vue) என்ற இன்னொரு கருவியின் மூன்றாம் பதிப்பில் இரண்டு வந்தால் அது லைவிலும் வரும். உங்கள் காம்பொனெண்ட் "சேஞ்ச்" என்று தானே அறிவிக்கிறது, ஆனால் "எமிட்ஸ்" பட்டியலில் அதைச் சொல்லவில்லை. அப்போது வெளியே மாட்டிய லிசனர் உள்ளே உள்ள வேர் எலிமெண்டுக்கும் போய் ஒட்டிக்கொள்கிறது. பட்டியலில் ஒரு சொல் சேர்த்தால் சரியாகிவிடும்.

ஃபார்ம்ல ஒண்ணுதான் வருதுன்னு லாக்ல பாத்தாச்சு. பார்ட்டிக்கு மட்டும் ரெண்டு மெசேஜ் போகுது.

அப்போது கோளாறு ஃபார்மைத் தாண்டி இருக்கிறது. சேவ் பட்டனை இரண்டு தடவை அழுத்தியிருக்கலாம், அதற்கு முதல் அழுத்தலிலேயே பட்டனை முடக்கினால் போதும். வால்பாறை மலைப்பாதையில் இருக்கும் ஆளின் போனிலிருந்து போன கோரிக்கை சர்வருக்குச் சேர்ந்து, பதில் மட்டும் சிக்னல் இல்லாமல் தொலைந்துபோனால், ஆப் தானாக மறுபடி அனுப்பும். பட்டனை முடக்குவது இதற்கு உதவாது. ஒவ்வொரு சேவுக்கும் ஃபார்மிலேயே ஒரு தனி அடையாள எண் உருவாக்கி அனுப்புங்கள். சர்வரில் அந்த எண்ணுக்கு யூனிக் இண்டெக்ஸ் (ஒரே எண் இரண்டு தடவை பதிவாகாத ஏற்பாடு) இருக்கட்டும். இரண்டாம் தடவை வந்தால் "ஏற்கெனவே ஆயிற்று" என்று முதல் பதிலையே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கூகுள் ஃபார்மில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் ட்ரிக்கர் (தானாக ஓடும் கோடு) வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பாருங்கள். ஓனர் கணக்கில் ஒன்று, மேனேஜர் கணக்கில் ஒன்று என்று இருவரும் ட்ரிக்கர் போட்டிருந்தால் இரண்டும் ஓடும்.

எல்லாம் சரி பண்ணிட்டேங்க. இப்ப ஒண்ணுமே வர மாட்டேங்குது!

நிறுத்தி வைத்த அறிவிப்பைத் திரும்ப விடவில்லை. நிரப்பும்போது கொடியை ஏற்றினீர்கள், நடுவில் ஏதோ ஒரு வரி எர்ரர் அடித்து வெளியே போய்விட்டது, இறக்கும் வரிக்கு வரவே இல்லை. ஃபைனலிக்குள் எழுதச் சொன்னது இதற்காகத்தான். கொடிக்குப் பதில் எண்ணிக்கை வைப்பது இன்னும் நல்லது, நிரப்பும் ஃபங்ஷன் இன்னொரு நிரப்பும் ஃபங்ஷனை அழைத்தாலும் உள்ளே இருப்பது அவசரப்பட்டு இறக்கிவிடாது.

எக்செல் மேக்ரோவில் இதே வியாதி ரொம்பப் பழசு. ஷீட் மாறியதைக் கேட்கும் மேக்ரோ தானே ஷீட்டில் எழுதினால் மறுபடி தன்னையே கிளப்பும் என்பதால் "எனேபிள் ஈவென்ட்ஸ்" என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு எழுதுவோம். நடுவில் நின்றுபோனால் அது ஃபால்ஸிலேயே இருந்துவிடும். ஃபைலை மூடித் திறந்தாலும், எக்செல் ஓடிக்கொண்டிருக்கும் வரை எந்த ஒர்க்புக்கிலும் ஈவென்ட் வராது. விபி எடிட்டரில் இமீடியட் ஜன்னலைத் திறந்து அதை ட்ரூ ஆக்கி என்டர் தட்டுங்கள், வர ஆரம்பித்துவிடும். பிறகு மேக்ரோவில் எர்ரர் வந்தால் போகும் இடத்திலும் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்.